வக்கடை வெட்டத் தெரிந்தவர்

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் கல்முனைக் கரையிலே எல்லோரும் எதையாவது இழந்தார்கள். ஓடைக்கரை வட்டை என்ற வயல்வெளியின் வட்டவிதானை ஆதம்பாவாவுக்கு மட்டும் ஒரு பொருள் புதிதாகக் கிடைத்தது. கையில் பிடித்துப் பேசுகிற ஒலிபெருக்கி. நிவாரணம் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் விதைநெல் தரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு வட்டைக்காரர்கள் சாக்கும் கையுமாகப் போய் நின்றார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த வெள்ளைக் குழல் ஒன்று கிடந்தது. விதைநெல் எந்த ஊருக்குப் போனதோ, அந்த ஊரில் யாரோ இந்தக் குழலுக்காகக் காத்திருந்திருக்க வேண்டும். மற்றவர்கள் சாக்கைச் சுருட்டிக்கொண்டு திரும்ப, ஆதம்பாவா குழலைத் துவாயால் துடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

வட்டவிதானை என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் இல்லை. வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட வேண்டும். தண்ணீர் ஒரு வயலிலிருந்து மறுவயலுக்கு இறங்க வரம்பில் வெட்டிவிடுகிற வக்கடையை எப்போது திறப்பது, எப்போது மண் போட்டு அடைப்பது என்று சொல்ல வேண்டும். மாடு இறங்கினால் மாட்டுக்காரனோடு சண்டை பிடிக்க வேண்டும். ஒவ்வொரு மாரிப் போகத்துக்கும் முன்னால் கன்னாக் கூட்டத்தில் வயல்காரர்கள் கைதூக்கி ஒருவரைத் தெரிவு செய்வார்கள். ஆதம்பாவா அந்த வேலையை நன்றாகத்தான் செய்தார். காலால் வரம்பைத் தட்டிப் பார்த்தே தண்ணீர் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லிவிடுவார். வக்கடை வெட்டுவதில் அவருக்கு நிகரான ஆள் வட்டையில் இல்லை.

குழல் கைக்கு வந்த பிறகுதான் மனுஷன் கெட்டுப்போனார். தேர்தல் மேடைகளில் கேட்ட குரலெல்லாம் ஒவ்வொன்றாக அவருடைய தொண்டைக்குள் குடிவந்தன. "அன்பார்ந்த விவசாயப் பெருங்குடி மக்களே!" என்று வரம்பில் நின்று முழங்குவார். எதிரில் நாலு பேர் நிற்பார்கள். அதில் இரண்டு பேர் அவருடைய மச்சான்மார்.

"ஊட்டுக்குள்ள அதத் தூக்கிட்டு வராதீங்க" என்பாள் மனைவி சுபைறா. "சோறு வேணுமெண்டா வாயால கேளுங்க."

எண்பதாம் ஆண்டு தை பிறந்தபோது மழை விட்டது, தண்ணீர் விடவில்லை. ஓடைக்கரை வட்டையின் வெள்ளமெல்லாம் வந்து சேர்வது கடலோரத்துக் காயலான களப்பில். களப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. அதை வெட்டி வாய் திறந்தால்தான் களப்பு வடியும், களப்பு வடிந்தால்தான் வயல் வடியும். முன்னூறு ஏக்கர் நெல் கதிர் தள்ளுவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. ஆகப் பள்ளத்தில் கிடந்த இரண்டு ஏக்கரில் நெல்லின் நுனிகூடத் தெரியவில்லை. அது ஆதம்பாவாவின் வயல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குணம் வந்தான். நீர்ப்பாசன இலாகா ஓவசியர், காரைதீவுக்காரன். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கி ஒரு நெற்பயிரைப் பிடுங்கி, தண்டைப் பிளந்து பார்த்தான்.

"வியாழக்கிழமை பொழுதுபடுறதுக்குள்ள தண்ணி இறங்கத் தொடங்கணும், காக்கா. வெள்ளிக்கிழமையெண்டா உங்களுக்கு வைக்கோலும் மிஞ்சாது."

"வெட்டுறதுக்கு உத்தரவு?"

"கடிதம் போட்டிருக்கு. ரெண்டு கந்தோர் கையெழுத்து வைக்கணும். ஒரு கந்தோரில ஆள் லீவு. மத்தக் கந்தோருக்கு அந்தக் கடிதம் தங்களுக்கு வந்ததுதானா எண்டு சந்தேகமாம்."

"அப்ப நாங்களே வெட்டுவம்."

குணம் தலையைச் சொறிந்தான். "வெட்டலாம். ஆனா மீன்காரரிட்ட ஒரு சொல்லுச் சொல்லிட்டு வெட்டினா நல்லம், காக்கா."

"தண்ணி திறக்கிறதுக்கு மீன்காரனிட்டயா கேக்கிற?" என்றார் ஆதம்பாவா. அதையும் குழலில்தான் சொன்னார். குணம் காதைப் பொத்திக்கொண்டான்.

மீன்காரர்கள் சங்கம் ஒன்று கடற்கரையில் ஓலை வேய்ந்த வாடியில் இருந்தது. வட்டைக் கந்தோரிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை மூன்று வருஷமாக யாரும் நடக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வயல்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் திட்டை வெட்டிவிட்டார்கள், அந்த முறை வெள்ளத்தின் வேகத்தில் வாய் தானே அகன்று, களப்பில் விளைந்து நின்ற இறாலெல்லாம் ஒரே நாளில் கடலுக்குப் போய்விட்டது. அதிலிருந்து இரண்டு பகுதியும் பேச்சில்லை. ஒரே பள்ளியில் ஒரே வரிசையில் நின்று தொழுவார்கள். தொழுகை முடிந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஸலாம் கொடுக்கத் திருப்பின கழுத்தை அப்படியே வேறு பக்கம் வெட்டிக்கொண்டு எழும்பிப் போவார்கள்.

அன்று நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் நாற்பது பேர் மண்வெட்டியோடு திட்டில் ஏறினார்கள். ஆதம்பாவா காலால் மணலைத் தட்டிப் பார்த்தார். களப்பிலிருந்து கடலுக்கு நேர்கோடாக, நூல் பிடித்த மாதிரி, நாலடி அகலத்தில் வெட்டச் சொன்னார். களப்புக் கரையில் ஆரம்பித்துக் கடலை நோக்கி வெட்டிக்கொண்டு போனார்கள். வயலில் அப்படித்தான் வெட்டுவது. தண்ணீர் பின்னாலேயே வரும், மண்ணைத் தானே கழுவிக்கொண்டு போகும். பின்னேர அஸர் தொழுகை நேரத்தில் களப்புத் தண்ணீர் கடலைத் தொட்டது. நாற்பது பேரும் ஆரவாரித்தார்கள். ஆதம்பாவா குழலைத் தூக்கி, இன்று தொடக்கம் ஓடைக்கரை வட்டையின் வரலாற்றில் ஒரு புதிய அத்தியாயம் என்று இருபது நிமிஷம் பேசினார். கொஞ்சத் தூரத்தில் கவிழ்த்து வைத்த தோணியின் மேல் ஒரு மனிதன் குந்தியிருந்து வெற்றிலை மென்றபடி இதையெல்லாம் பார்த்தான். மீன்காரர் சங்கத் தலைவன் கலந்தர்.

திங்கட்கிழமை விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தால் வெட்டைக் காணவில்லை. கடல் மணலைக் கொண்டுவந்து நிரப்பி, மேலே இன்னும் ஒரு முழம் போட்டு, அலகுக் கட்டையால் தட்டி மட்டம் பண்ணின மாதிரி வைத்திருந்தது. புதிய அத்தியாயத்தின் மேல் நண்டுகள் ஓடின. கலந்தர் அதே தோணியில் அதே வெற்றிலையோடு இருந்தான்.

"கடலுக்கு வக்கடை வெட்டின மனுசன எங்கட வாப்பாவும் கண்டிருக்க மாட்டாரு" என்றான். "எனக்கு நசீப் இரிக்கி, கண்டுட்டன்."

நாற்பது பேருக்கு முன்னால் அது. ஆதம்பாவாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கலந்தரின் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம்தான் கூட. தன்னுடைய இரண்டு ஏக்கர் போனால் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை, பரவாயிருந்தது. அது போனால் வீட்டில் அடுத்த மாரி வரைக்கும் சோற்றுக்கு நெல் இல்லை. முன்னூறு ஏக்கர் போனால் ஊரின் முகத்தில் முழிக்க வழியில்லை. வீட்டுக்குப் போய் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"தெரியாட்டித் தெரிஞ்சவன்ட வாசலுக்குப் போறதுதானே" என்றாள் சுபைறா, உள்ளேயிருந்து. "இதுக்கென்னத்துக்கு மையத்து வீட்டில இரிக்கிற மாதிரி இரிக்கிற?"

"அவன் என்னச் சிரிச்சான், புள்ள."

"நானும்தான் சிரிச்சன். குழல வெச்சிட்டுப் போங்க."

போனார். குழலை வைத்துவிட்டுப் போகத்தான் மனம் வரவில்லை.

வாடிக்குள் கலந்தர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை. ஆதம்பாவா நின்றபடியே, "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, எமது இரு சங்கங்களுக்கும் இடையில் நிலவும்…" என்று தொடங்கினார்.

"இது எட்டடி வாடி" என்றான் கலந்தர். "நான் ரெண்டடியில இரிக்கன். அதக் கீழ வெச்சிட்டுக் கதை."

ஆதம்பாவா குழலைக் கீழே வைத்தார். பிறகு, "திட்ட எப்பிடி வெட்டுற?" என்று கேட்டார்.

கலந்தர் ஊசியை நிறுத்தினான். மூன்று வருஷத்தில் வயல்காரன் ஒருவன் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"செல்லித் தரன். ரெண்டு காரியம் இரிக்கி. ஒண்டு, வாய் திறக்கிற நேரம் நான் செல்ற நேரம். எங்கட ஆக்கள் வெட்டுக்குள்ள வலை கட்டி முடிச்ச பொறகுதான். இறால் இந்த முற கடலுக்குச் சும்மா போகாது."

"மத்தது?"

"சூறாவளியில தோணி உடைஞ்சி என்ட ஆக்கள் பாதிப்பேர் வேற தொழிலுக்குப் போயிட்டாங்க. இந்தக் கிழமை கடல் கொஞ்சம் அடங்கி இரிக்கி, வலை வளைக்க ஆளில்ல. நாளைக்குச் சுபஹுக்குப் பொறகு உங்கட ஆக்கள் இருவது பேரக் கூட்டிட்டு வாங்க. கரைவலைக் கயிறு இழுக்கணும். நீங்க எங்கட கயித்தப் புடிங்க, நாங்க உங்கட மண்வெட்டியப் புடிக்கம்."

வட்டையில் இதைச் சொன்னதும் பெரிய சிரிப்பு. ஆகக் கூடச் சிரித்தவர் மீராசாஹிபு. பத்தேக்கர்க்காரர், அடுத்த கன்னாக் கூட்டத்தில் வட்டவிதானைப் பதவிக்குக் குறி வைத்திருந்தவர். "நான் வயல்காரன்" என்றார். "கயிறு இழுக்கிறதுக்கு நான் என்ன வண்டில் மாடா?" இருபது பேர் கேட்ட இடத்தில் ஒன்பது பேர்தான் வந்தார்கள். அதில் இரண்டு பேர் மச்சான்மார்.

செவ்வாய்க்கிழமை கரைவலை. தோணி வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு வர, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு வரிசை ஆட்கள் இழுப்பார்கள். வரிசைகளுக்கு நடுவே முன்னூறு அடி தூரம். இழுக்க இழுக்க இரண்டும் நெருங்கி வரும். நடுவில், தண்ணீர்க் கரையில், கலந்தர் ஒரு துவாயோடு நின்றான். வடக்குக் கயிற்றில் ஆதம்பாவாவும் ஒன்பது பேரும் நாலைந்து மீன்காரர்களும். தெற்குக் கயிற்றில் முழுக்க மீன்காரர்கள்.

ஆதம்பாவா உள்ளங்கையில் துப்பிக்கொண்டு இழுத்தார். மீன்காரர்களுக்கு வயல்காரன் யாரென்று காட்ட வேண்டும் என்று ஒரு வேகம். வடக்குக் கயிறு மளமளவென்று கரைக்கு வந்தது. அப்போது கலந்தர் அவர்களைப் பார்த்துத் துவாயைத் தூக்கிப் பிடித்தான். கூட நின்ற மீன்காரர்கள் கயிற்றை இடுப்பில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள்.

"என்னத்துக்கு நிக்கிற? இழுங்கடா!" என்று கத்தினார் ஆதம்பாவா. நன்றாக இழுக்கிறவனையா நிறுத்துவது? ஒன்பது பேரும் இன்னும் பத்துப் பாகம் இழுத்தார்கள். கடலில் வலை ஒரு பக்கம் சாய்ந்தது, தெற்குப் பக்கத்தில் தண்ணீர் வெள்ளியாகத் துள்ளியது. நெத்தலிக் கூட்டம் ஒன்று வலைக்கு வெளியே ஓடியதை ஆதம்பாவாவே தன் கண்ணால் கண்டார். தெற்குக் கயிற்றிலிருந்து வந்த வசவுகளை எழுத முடியாது. அவர்களுடைய உம்மாமார் கேட்டால் வாயில் மிளகாய் தேய்ப்பார்கள்.

கலந்தர் மட்டும் வசவு சொல்லவில்லை. நடந்து வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றான்.

"இழுங்கடா எண்டு செல்ல ஆரும் வேணாம். இழுக்கிறதுக்குத்தானே எல்லாரும் வந்திரிக்காங்க. முந்திப் போறவன நில்லெண்டு செல்லத்தான் நான் இஞ்ச நிக்கன்."

"நான் நல்லா இழுத்தனே."

"ஓம், நல்லாத்தான் இழுத்த. மீனுக்கு வாசல் திறந்து குடுத்த."

மிச்சத் தூரத்துக்குத் துவாய் ஏறினபோதெல்லாம் ஆதம்பாவா நின்றார். நிற்பதுதான் இழுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. கை தினவெடுத்தது. வலை கரைக்கு வந்தபோது பாதி மீன்தான் இருந்தது, அந்தப் பாதியிலும் வயல்காரர் ஒவ்வொருவருக்கும் கறிக்கு ஒரு பங்கு கிள்ளி வைத்தான் கலந்தர். ஆதம்பாவா வெட்கத்தோடு வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை இரண்டு பகுதியும் சேர்ந்து திட்டில் இறங்கியது. குணமும் வந்திருந்தான், கந்தோரின் மட்டம் பார்க்கிற கருவியோடு.

"உத்தரவு வந்திட்டா?" என்று கேட்டார் ஆதம்பாவா.

"இல்ல, காக்கா. நான் இண்டைக்கும் நாளைக்கும் லீவு போட்டிருக்கன். லீவுல இருக்கிறவன் கடக்கரைக்குக் குளிக்க வரலாம்தானே. குளிக்க வந்தவன்ட கையில இது இருந்தா நான் என்ன செய்ய?" குளிக்க வந்தவன் களப்பின் மட்டம் கடலைவிட இரண்டரை அடி உயரம் என்று அளந்து சொன்னான்.

கலந்தர் காட்டிய வெட்டு நேர்கோடு இல்லை. வாடைக்காற்றுக் காலத்தில் கரையோரம் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே மணலை இழுத்துக்கொண்டு போகும். நேரே வெட்டினால் அந்த மணலெல்லாம் வாய்க்குள் விழும். தெற்கே சாய்த்து வெட்ட வேண்டும். வெட்டத் தொடங்குவதும் கடல் பக்கத்திலிருந்துதான். களப்புக் கரையில் மூன்றடி அணையை விட்டுவைத்து, கடல் வற்றுகிற நேரம் பார்த்து, அதை ஒரே மூச்சில் உடைக்க வேண்டும். வயலில் செய்வதற்கு அப்படியே தலைகீழ். ஆதம்பாவாவுக்குக் கால் பழக்கத்தில் நேரேதான் போகப் பார்த்தது. இரண்டு தரம் குணம் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான்.

வியாழக்கிழமை லுஹருக்கு முன்னால் வெட்டு முடிந்தது. பத்தடி அகலம், ஆளளவு ஆழம். அணை மட்டும்தான் மிச்சம். அதற்கு இந்தப் பக்கம் களப்பு முட்டிக்கொண்டு நின்றது. கீழே, வெட்டின் கடைசியில், மீன்காரர்கள் கம்பு நட்டு இறால் வலை கட்டத் தொடங்கினார்கள். கடல் அஸருக்குத்தான் வற்றும் என்றான் கலந்தர்.

இப்போது வட்டை முழுக்கத் திட்டுக்கு வந்திருந்தது. முந்திக் கயிறு இழுக்க வராத மீராசாஹிபும் வந்திருந்தார், புது மண்வெட்டியோடு. வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"அணைய உடை!" என்றார் மீராசாஹிபு. "இன்னொரு மழை வந்தா முன்னூறேக்கரும் சரி. இறாலுக்காக நெல்ல அழுக விடுறதா?"

"உடை! உடை!" என்று பின்னால் முப்பது குரல்.

ஆதம்பாவா அணையின் மேல் ஏறினார். அவருடைய வயிற்றுக்குள்ளும் ஒரு குரல் உடை என்றுதான் சொன்னது. காலையில்தான் போய்ப் பார்த்திருந்தார். இரண்டு ஏக்கரில் தண்ணீர் நாறத் தொடங்கியிருந்தது. இப்போது உடைத்தால் அதில் கால்வாசியாவது தப்பலாம். அஸர் வரைக்கும் நின்றால் ஒரு கதிரும் இல்லை. அது அவருக்குத் தெரியும், எதிரில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

குழலை வாயில் வைத்தார். "அன்பார்ந்த விவசாயப் பெருங்குடி மக்களே…"

"உன்ட வயலே அழுகுது, விசரா!" என்று மீராசாஹிபு கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பத்துப்பேர் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு அணையில் இறங்கினார்கள். முதல் கொத்து விழுந்தது.

ஆதம்பாவா குழலைத் தோளில் தொங்கவிட்டார். தலைப்பாகையை அவிழ்த்தார். அந்த அழுக்குத் துவாயை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றார்.

கயிறு இழுத்த ஒன்பது பேரில் நாலு பேர் அந்தக் கொத்துகிற கூட்டத்தில் இருந்தார்கள். துவாயைக் கண்டதும் அவர்களுடைய கை தானாக நின்றது. இருவர் மணலில் குந்திவிட்டார்கள். மற்ற இருவர் பக்கத்தில் கொத்தினவர்களின் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டார்கள். கீழே வலை கட்டிய மீன்காரர்களும் துவாயைக் கண்டு நிமிர்ந்தார்கள். என்ன நடக்கிறதென்று விளங்காமல் மீதிப் பேரும் கொஞ்சம் அடங்கினார்கள். அந்த அடங்கலில் ஆதம்பாவா கதைத்தார். மேடைக் குரல் இல்லை. வீட்டில் சோறு கேட்கிற குரல்.

"ஞாயித்துக்கிழமை வெட்டச் சென்னது நான். பிழையா வெட்டினன். நாலு நாள் போனதும் என்னாலதான். கடலப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியா. தெரிஞ்ச மனுசன் அந்தா நிக்கான். அவன் கை காட்டினா வெட்டுவம். இப்ப வெட்டினா ராவைக்கு மறுகா மூடும், மறுகா வெட்ட நாளும் இல்ல, அவங்களும் வர மாட்டாங்க. நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்திரிக்கன். என்ட வயல் அழுகுது எண்டு எனக்கும் தெரியும், மீராசாஹிபு. அவன் கை காட்ட முந்தி ஆருக்காவது வெட்டணுமெண்டா என்ட கால முதல்ல வெட்டுங்க."

மீராசாஹிபு அவருடைய காலைப் பார்த்தார். கோபத்தில் வெட்டியும் இருப்பார். ஆனால் அந்த நேரம் குணம் வந்து, குளிக்க வந்தவன் மாதிரி, ஆதம்பாவாவுக்குப் பக்கத்தில் அணையில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டான். பிறகு ஒரு மச்சான் உட்கார்ந்தார். மற்ற மச்சானும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். இரண்டு மணித்தியாலம் அப்படியே போனது. துளித் துளியாக மழை பிடித்தது. தன் இரண்டு ஏக்கரை நினைத்து ஆதம்பாவா அழுதார். மழையில் யாருக்கும் தெரியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார், எல்லோருக்கும் தெரிந்தது.

பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொன்ன கையோடு கலந்தர் கை காட்டினான்.

"பிஸ்மில்லாஹ்!" அறுபது மண்வெட்டி ஒன்றாக விழுந்தது. வயல்காரன் மீன்காரன் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. அணை தளர்ந்து, பிளந்து, களப்பு ஒரு உறுமலோடு வெட்டுக்குள் பாய்ந்தது. எல்லோரும் இரு கரையிலும் தாவினார்கள். அணையில் நிற்பதையே மறந்து நின்ற ஒருவரைத் தவிர. ஆதம்பாவா குழலோடு சறுக்கிக்கொண்டு போய் இறால் வலையில் விழுந்தார். அந்த மாரியில் மீன்காரர் சங்கம் பிடித்த முதல் உருப்படி ஓடைக்கரையின் வட்டவிதானைதான். தாடியில் இறால் துள்ள அவரைத் தூக்கி வெளியே போட்டார்கள்.

"சின்ன உருப்படி" என்றான் கலந்தர். "திருப்பிக் கடல்ல விடுவமா?" ஆதம்பாவாவும் சிரித்தார். வாயிலிருந்து உப்புத் தண்ணீர் வந்தது.

வெட்டு மூடவில்லை. மூன்று நாள் ஓடி முப்பதடி அகலமாகியது. வயல்கள் ஒவ்வொன்றாகத் தலை காட்டின. முன்னூறு ஏக்கரில் இரண்டு ஏக்கரைத் தவிர எல்லாம் தப்பியது. அந்த இரண்டு ஏக்கரின் வரம்பில் சுபைறா வந்து நின்று, கறுத்து மடிந்து கிடந்த பயிரைப் பார்த்தாள். இரண்டு நாள் புருஷனோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, "நீங்க துவாயத் தூக்கிட்டு நிண்டத நானும் வந்து பாத்தன்" என்றாள். "சிரிப்பும் வந்திச்சு. அழுகையும் வந்திச்சு." குழலுக்குள் மணல் போய் அது ஊமையாகிவிட்டது. அவள் அதன் பின்பக்கத்தைக் கழற்றிப் போத்தலுக்கு மண்ணெண்ணெய் வார்க்க வைத்துக்கொண்டாள்.

புரட்டாசியில் கன்னாக் கூட்டம் வந்தது. தப்பின நெல்லை வெட்டி, அடித்து, அவித்து, பாதியைத் தின்றும் முடித்திருந்தார்கள். மீராசாஹிபு எழும்பி, "தன்ட வயலக் காப்பாத்த ஏலாத மனுசன் வட்டையக் காப்பாத்துவானா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அது நியாயமான கேள்வி மாதிரியே இருந்தது. போதாததற்கு மீராசாஹிபின் தாய்வழிக் குடியில் ஆட்கள் அதிகம். பதினொரு கை வித்தியாசத்தில் அவர் வட்டவிதானையானார். கை தூக்கினவர்களில் ஒரு மச்சானும் இருந்தார். வட்டைச் சங்கத்துச் சாமான் என்று குழலைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தபோது சுபைறா மண்ணெண்ணெய் மணக்க மணக்க எடுத்துக் கொடுத்தாள்.

ஆதம்பாவாவுக்கு மனம் நொந்தது. கூட்டத்துக்குப் போகிறதை விட்டார். ஆனால் வாடிக்குப் போகிறதை விடவில்லை. வாரத்தில் இரண்டு நாள் கயிறு பிடித்தார், கறிக்கு மீன் வந்தது. தென்கயிற்று ஆட்கள் அவரைக் கெட்ட வார்த்தையால் கூப்பிடுகிற அளவுக்கு நெருங்கிவிட்டார்கள்.

மார்கழிக் கடைசியில் ஏழு நாள் விடாமல் மழை. எட்டாம் நாள் சுபஹு தொழுது வந்து ஆதம்பாவா பிளேன்டியைக் கையில் எடுக்க, வாசலில் ஆள் அரவம். மீராசாஹிபு மண்வெட்டியும் தோளுமாக நனைந்துகொண்டு நின்றார். கையில் குழல் இல்லை. அவருக்குப் பின்னால் கலந்தர் வெற்றிலை மென்றுகொண்டு நின்றான். வேலிக் கடப்பைக்கு வெளியே குணம் சைக்கிளைச் சாத்தினான். இந்த முறையும் லீவு போட்டிருப்பான் போலிருந்தது.

"களப்பு ரொம்பிட்டு" என்றார் மீராசாஹிபு.

"எனக்கென்னத்துக்குச் செல்ற? வட்டவிதானை நீதானே."

"ஓம், நான்தான். அதனாலதான் நானே வந்தன். வேற காரியமெண்டா ஆள் அனுப்பியிருப்பன்." அவர் மண்வெட்டிக் காம்பைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். "வெட்டெண்டு நான் செல்லலாம், வெட்டுவானுகள். நில்லெண்டு சென்னா ஒருத்தனும் நிக்க மாட்டான். அது எனக்குத் தெரியும்."

மூன்று மாதமாக ஆதம்பாவா மீராசாஹிபுக்குச் சொல்லவென்று ஒரு பதிலைத் தீட்டித் தீட்டி வைத்திருந்தார். நல்ல கூரான பதில். இப்போது அதைத் தேடிப் பார்த்தால் காணவில்லை. எதிரில் நின்ற மனுஷன் அந்த ஒரு வசனத்தைச் சொல்ல எவ்வளவு தூரம் நடந்திருப்பான் என்று அவருக்குத் தெரியும். அவரும் அந்தப் பாதையில் போனவர்தான். பிளேன்டியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பினார்.

"புள்ள, என்ட துவாய் எங்க?"

அடுப்படியில் சுபைறா அதால்தான் சோற்றுப் பானையைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தாள். பானையை வைத்துவிட்டு, துவாயை ஒரு உதறு உதறி அவருடைய தோளில் எறிந்தாள்.

"பானை புடிக்க வேற துணியில்ல" என்றாள். "இந்த முறையாவது வலையில உழாமத் திருப்பிக் கொண்டு வாங்க."